நாலு ஸ்பிரிங் போதும்

"அந்தக் காத்துப் பையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு நாலு ஸ்பிரிங்கை மாட்டுங்க தம்பி. அரை நாள் வேலை. அப்புறம் தொந்தரவே இல்ல."

மெக்கானிக் இதைச் சொல்வது ஆறாவது ஞாயிற்றுக்கிழமையாக.

"வேணாம்ணே" என்று வண்டிக்கு அடியிலிருந்து பதில் வந்தது. வெளியே தெரிந்தவை இரண்டு செருப்புக் கால்கள் மட்டும்.

பதினெட்டு வயதான வண்டி. ஒரு காலத்தில் முதலாளிகள் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு போன ஆடம்பர எஸ்யூவி. இப்போது அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது. வாங்குவது சுலபம்தான். அதற்கு அப்புறம்தான் கண்ணில் விரலை விட்டு ஆட்டும்.

வாங்கியவன் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. அவன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன். "உங்ககிட்ட வேலைக்கு விட எனக்குக் கட்டுப்படியாகாதுண்ணே. நிறுத்த இடம் மட்டும் குடுங்க, நானே பார்த்துக்கறேன்" என்று முதல் நாளே உள்ளதைச் சொல்லிவிட்டான். பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தை மெக்கானிக் கொடுத்தார்.

ரிப்பேர் புத்தகத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் பென்சிலால் கோடு போட்டுப் படித்தான். ஆயில் மாற்றினான். பிரேக் கட்டை மாற்றினான். முடுக்கிய போல்ட்டையே மறுபடி முடுக்கிப் பார்த்து, "சரியாத்தானே இருக்கு?" என்று வந்து கேட்டான்.

அதுவரைக்கும் மெக்கானிக்குக்கு அவன்மேல் மரியாதைதான். எரிச்சல் வந்தது இந்தக் காற்றுப் பை விஷயத்தில்.

இந்த வண்டியில் ஸ்பிரிங் கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாகக் காற்றடைத்த நான்கு ரப்பர் பைகள். நிறுத்திவிட்டு ஒரு பட்டனை அமுக்கினால் வண்டி நாலு விரற்கடை கீழே இறங்க வேண்டும். மறுபடி அமுக்கினால் எழுந்திருக்க வேண்டும். ஆனால் எங்கேயோ காற்று கசிந்து, நிறுத்தினால் தானாகவே கோணிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அப்புறம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

"ஓடுறதுக்குத்தான் வண்டி. ஏறி இறங்கி வித்தை காட்டணுமா?"

"காட்டணும்ணே. நாளைக்குக் காலையில."

"நாளைக்கு என்ன?"

"தினமும் எடுக்க ஆரம்பிக்கணும்."

பக்கத்து டயர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "புரியலையா மாஸ்டர்? ஆபீஸ் வாசல்ல நாலு பேர் பார்க்க சார் பட்டனை அமுக்குவார். வண்டி குனிஞ்சு கும்பிடு போடும். படிச்சவர் இல்லையா!"

மெக்கானிக்கும் சிரித்துவிட்டார். செருப்புக் கால்கள் அசையவில்லை.

மத்தியானம் வரை அவன் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே இருந்தான். மூன்று மணிக்குத்தான் "அண்ணே!" என்று கூப்பிட்டான். பின்பக்க இடது பையின் மடிப்புக்குள் மயிரிழை வெடிப்பு. அதில் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

"சின்ன ஜாக்கி குடுங்கண்ணே. நாளைக்குத் தந்துடறேன்."

முன்னமே வாங்கி வைத்திருந்த வேறு பையை மாட்டினான். பட்டனை அமுக்கினான். இறங்கியது. அமுக்கினான். ஏறியது. அப்போதும் விடவில்லை. சக்கரத்துக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே ஸ்கேலை வைத்து அளந்தான். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்ப அளந்தான். நூலளவுகூட இறங்கவில்லை.

"ஜெயிச்சுட்டீங்க போங்க. நாளைக்கு உங்க ஆபீஸே வாயைப் பொளக்கும்" என்றார் மெக்கானிக்.

மறுநாள் காலையில் ஜாக்கி வரவில்லை. அதை வாங்க அவரே அடுத்த தெருவில் இருந்த அவன் வீட்டுக்குப் போனார்.

வண்டி வாசலில் நின்றது. இஸ்திரி போட்ட சட்டையில் அவன், வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பட்டனை அமுக்கினான். வண்டி மெல்ல இறங்கியது.

உள்ளேயிருந்து அவன் அம்மா வந்தாள். வலது கால் மடங்கவே இல்லை. கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். மெக்கானிக் பதறிப்போய்க் கை நீட்டினார்.

"விடுங்க! எனக்கு வரத் தெரியும்."

மகன் அந்தப் பக்கமே பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சீட்டு சரியாக அவள் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். அப்படியே உட்கார்ந்து, திரும்பி, காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். யாரும் தொடவில்லை.

அவன் ஜாக்கியைக் கொண்டுவந்து கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஆட்டோவுலேர்ந்து ரெண்டு பேர் தூக்கி இறக்கினாங்கண்ணே. சின்ன காருக்குக் குனியணும், பெரிய வண்டிக்குக் கால் தூக்கணும். ரெண்டும் அம்மாவால ஆகாது. அன்னிலேர்ந்து வாசப்படி தாண்டல. இன்னிக்குத்தான் திரும்பத் தையல் வேலைக்குக் கிளம்புறாங்க."

மெக்கானிக் ஜாக்கியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

அதற்குள் ஜன்னல் வழியாக அந்தம்மா கூப்பிட்டாள்.

"ஏன் மாஸ்டர், ஆறு ஞாயித்துக்கிழமை அங்கேயே கிடந்தானே, என்னத்தைக் கிழிச்சான்? நிறுத்தினா இன்னமும் உட்கார்ந்துக்குது பாருங்க! கேட்டா, 'இந்தக் கோளாறு மட்டும் என் கைக்கு அடங்கலம்மா'ங்கறான். நீங்களாவது சரி பண்ணித் தரக் கூடாதா?"

மெக்கானிக் அவனைப் பார்த்தார். அவன் கண்ணாடியில் இல்லாத அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நானும் முட்டி மோதிப் பார்த்துட்டேம்மா. இது யார் கைக்கும் அடங்காது."