குளத்தில் எத்தனை வாத்து?

"நூத்தி நாப்பத்திரெண்டு!"

ஷாஹின் பானு பைனாகுலரை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்து பெஞ்சில் இரண்டு பெரியவர்கள். எண்ணிச் சொன்னவர் ஒல்லியாக, மஃப்ளர் சுற்றியிருந்தார். கேட்டவர் கறுப்புக் கண்ணாடி போட்டு, குடையை ஊன்றிக்கொண்டு குளத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் வடக்க இருந்து வந்ததா வே?"

"பின்ன? தலைல கோடு போட்ட பெரிய வாத்து மட்டும் முப்பது. மிச்சம் பூரா ஊசிவால் வாத்து."

பானுவுக்குச் சுருக்கென்றது. அரை மணி நேரமாக அவளும் அதே குளத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறாள். மூன்று தடவை எண்ணியாயிற்று. பதினொன்றுக்கு மேல் ஒன்றுகூட இல்லை.

கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுப்பவள் அவள். பொங்கல் லீவில் குளம் குளமாகப் பறவை எண்ணும் வேலை. சங்கரன்கோவில் பூங்காக் குளம் அவள் பொறுப்பில் வந்திருந்தது. கடையநல்லூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து இறங்கியிருந்தாள்.

வாக்கிங் வந்த ஒருவர் அவளைப் பார்த்து நின்றார்.

"வாத்துக் கணக்கா டீச்சர்? சுடலைராஜ் அண்ணாச்சிகிட்டக் கேளுங்க. அந்தா, மஃப்ளர் கட்டியிருக்காருல்லா, அவருதான். தெனமும் எண்ணுதாரு. போன வருசம் வந்த காலேஜ் பிள்ளைங்களும் அவருகிட்டத்தான் கேட்டு எழுதிட்டுப் போனாவ."

பானுவுக்கு இப்போது நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. இப்படிப் பொய்க் கணக்கு எழுதி அனுப்புவதால்தானே, குளம் நன்றாக இருக்கிறது என்று மேலதிகாரிகள் நினைத்துக்கொள்கிறார்கள்? பாதிக் குளத்தை ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. அள்ளுவதற்கு ஓர் ஆள் வரவில்லை.

நேரே போய் நின்றாள்.

"அண்ணாச்சி, நூத்தி நாப்பத்திரெண்டுன்னு சொன்னீங்களே, அது எங்கன இருக்கு? எனக்கும் கொஞ்சம் காட்டுங்க."

சத்தமாகத்தான் கேட்டாள். நடந்து போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சுடலைராஜ் பதறி எழுந்தார். "யம்மா, இப்படி வாங்க" என்று அவளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார்.

"மெதுவாப் பேசுங்கம்மா. பதினொண்ணுதான் இருக்கு. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா பொய் சொல்லுதிய?"

"அவனுக்குக் கண்ணு தெரியாதும்மா."

பானு பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

"சண்முகையான்னு பேரு. சக்கரை வந்து நாலு வருசத்துக்கு முந்தி ரெண்டு கண்ணும் போச்சு. நாங்க ரெண்டு பேரும் கரண்டு ஆபீஸ்ல வயர்மேனா இருந்தோம். இந்தக் கரை பூரா எங்க லைன்தான். தை மாசம் ஆயிட்டா, கம்பத்துல ஏறுனவன் லேசுல எறங்க மாட்டான். மேல நின்னு வாத்து எண்ணிக்கிட்டே இருப்பான். ஒருக்கா எங்க என்ஜினியர் கீழ நின்னு ரெண்டு பேரையும் கிழி கிழின்னு கிழிச்சாரு. அன்னைக்குத்தான் நூத்தி நாப்பத்திரெண்டு. தொண்ணூத்தி மூணாவது வருசம்."

சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது. அந்தக் கம்பத்தின் உச்சியில் இன்னும் நின்றுகொண்டிருப்பவர் மாதிரி இருந்தார்.

"அந்தக் குளத்தத்தாம்மா ரெண்டு வருசமா அவனுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன். இப்ப கெடக்க நெலமையச் சொன்னா மனசு விட்டுருவான். காலேஜ் பிள்ளைங்க கேட்டப்பவும் பக்கத்துல இருந்தான். என்ன செய்ய, சொல்லுங்க? நீங்க உள்ளத எழுதிக்கிடுங்க. அவன் காதுல மட்டும் விழ வேண்டாம்."

பானு சத்தம் போட்டதை நினைத்துக் கூசிப் போனாள்.

"போய் அவன் பக்கத்துல இருங்க. மூணு டீ வாங்கிட்டு வாரேன்" என்று சுடலைராஜ் பூங்கா வாசல் டீக்கடைப் பக்கம் நடந்தார்.

பானு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது.

"இந்த வருசம் நெறையத்தான் வந்திருக்கு அண்ணாச்சி."

சண்முகையா சிரித்தார்.

"நீங்களும் ஆரம்பிச்சிட்டியளா டீச்சர்? பத்து, பன்னெண்டு இருக்குமா?"

பானு திடுக்கிட்டுப் போனாள்.

"கண்ணுதான போச்சு, காது நல்லாத்தான கேக்கு. அப்பமெல்லாம் அதுக மொத்தமா எந்திரிச்சா, மழை எரைச்சல் மாதிரி இருக்கும். பக்கத்துல நிக்கவன் பேசுதது கேக்காது. இப்ப ஒவ்வொண்ணும் தண்ணில எறங்கத இங்கன இருந்தே எண்ணிரலாம்."

"பின்ன எதுக்கு தெனமும் அவருகிட்ட எத்தன, எத்தனன்னு கேக்கிய?"

சண்முகையா தலையைச் சாய்த்துக் கேட்டார். டீக்கடைப் பக்கமிருந்து இன்னும் காலடிச் சத்தம் வரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவன் வீட்டுக்காரி பேச்சி போயி ரெண்டு வருசம் ஆச்சு. பிள்ளை குட்டி கெடையாது. ஒரு மாசமா ஒரு வார்த்த பேசாம, சோறு தண்ணி எறங்காம, செவத்தப் பாத்து உக்காந்துட்டான். டாக்டர்ட்ட கூப்புட்டும் வரல, கோயிலுக்குக் கூப்புட்டும் வரல. எனக்குக் கண்ணு தெரியல, என்னக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போன்னு அவன்கிட்ட அழுதேன். அன்னைக்குத்தான் எந்திரிச்சான்."

குடைப் பிடியைத் தடவிக்கொண்டே மெல்லச் சொன்னார்.

"எனக்குத் தொணைக்கு வாரோம்னு நெனச்சுத்தாம்மா அவன் இன்னும் உசுரோட இருக்கான்."