கோயமுத்தூர் ஊசி

"ஓசி ஊசிக்கு வரிசையில நிக்கற குடும்பமில்லீங்க எங்களுது," என்றார் வேலுசாமி. நீலகிரி மலையில், எமரால்டு ஊர்க் கடைவீதியில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

இலவசத் தடுப்பூசி முகாமுக்கு வந்த நர்ஸ் ஷமா விடவில்லை. "ஃப்ளூ காய்ச்சல் பரவுதுங்க. உங்க வீட்டம்மாவுக்கு வேற வீசிங் இருக்குது."

"நாங்க ரெண்டு பேரும் கோயமுத்தூர்ல காசு குடுத்தே போட்டுட்டோம். எழுதிக்குங்க."

ஷமா மகிழ்ச்சியோடு வீதியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "கேட்டீங்களா? பெரியவரே காசு குடுத்துப் போட்டிருக்காரு. உங்களுக்குச் சும்மா கெடச்சா கசக்குதா?"

காலையிலிருந்து எட்டிப் பார்க்காத ஜனம் மளமளவென்று வந்து நின்றது. சாயங்காலம் ஷமா கேட்டாள்: "ஒரே ஒரு ஊசி மிச்சமிருக்குது. யாராச்சும் விட்டுப்போச்சா?"

வேலுசாமியின் மனைவி வேலாமணி இருமிக்கொண்டே, ஸ்வெட்டர் கையைச் சுருட்டியபடி வாசலுக்கு வந்தாள்.

"உங்களுக்குத்தான் போட்டாச்சேம்மா?"

வீதியே திரும்பிப் பார்த்தது. வேலுசாமி விறைப்பாக நின்றார். வேலாமணி கணவரின் முகத்தைப் பார்த்தாள். சுருட்டிய கையை மெல்ல இறக்கிவிட்டாள்.

"ஆமா கண்ணு, மறந்தே போச்சு," என்றாள், மூச்சு வாங்க.

தேயிலை விலை விழுந்த இந்த இரண்டு வருடத்தில் அவர்கள் ஒருமுறைகூட மலையை விட்டு இறங்கியதில்லை.