பக்கத்துச் சொல்

“ஒரு எழுத்து தப்பினா கண்டுபிடிக்கற மாதிரி செஞ்சேன், உங்கம்மா ரெண்டு தப்ப ஆரம்பிச்சா. ரெண்டுக்கு மாத்தினேன், இப்ப மூணு தப்பறா!”

மடிக்கணினியுடன் கட்டிலருகே உட்கார்ந்திருந்த அப்பா, வெளியூரிலிருந்து வந்த மகளிடம் முறையிட்டார். பக்கவாதம் அம்மாவின் பேச்சைப் பறித்துவிட்டது. இடது விரலால் டேப்லெட்டில் தட்டுவதுதான் இனி அவள் பேச்சு. அதிலும் எல்லாம் பிழை. அந்தப் பிழைகளைத் திருத்தத்தான் அப்பா ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார்.

“எப்படிப்பா கண்டுபிடிக்குது?”

“சொல்லையெல்லாம் மரமா அடுக்கியிருக்கேன். அடியில ‘தண்ணி’. இவ முதல்ல கேட்டது அதுதான். அதுலேர்ந்து எத்தனை எழுத்து வித்தியாசமோ அதுக்கேத்த கிளையில மத்த சொல். தப்பாத் தட்டினா பக்கத்துக் கிளைகளை மட்டும் உலுக்கிப் பார்க்கும்.”

“இன்னும் தள்ளிப்போய்த் தேடட்டுமே?”

“தேடினா, கூப்பிடாத சொல்லெல்லாம் பந்திக்கு வந்து உட்காரும்மா.” அவர் குரல் தாழ்ந்தது. “திங்கள்கிழமை நான் வேலைக்குப் போகணும். இவ கேக்கறது நர்ஸுக்குப் புரியாம, தாகத்தோட கிடந்தா?”

அம்மா ‘கன்தம்’ என்று தட்டினாள். ‘கன்னம்’ என்றது மெஷின். அவள் தலையசைத்து மறுத்தாள்.

அப்பா கணினியை ஒதுக்கிவிட்டு அவள் முகத்தருகே குனிந்தார். “கண்ணு கூசுதா? கதவா? காத்து வேணுமா? இரு இரு... ஜன்னலா?”

அம்மாவின் பாதி உதடு சிரித்தது. அவர் எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

மகள் வியந்து பார்த்தாள். கணினித் திரையிலிருந்து தலையைத் தூக்காமல், அம்மா எதைக் கேட்டாலும் “ம்” என்று மட்டும் சொல்லிவந்த மனிதர் இவர்.

“நாலு எழுத்துச் சொல்லுல மூணு தப்பு. இதை எந்த மரத்துல தொங்கவிடறது?” என்று முனகியபடி அப்பா சார்ஜர் எடுக்க அடுத்த அறைக்குப் போனார்.

மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “அப்பா பாவம்மா. சோறு தண்ணி இல்லாம இதோட மல்லுக்கட்டறார். கொஞ்சம் நிதானமாத் தட்டக் கூடாதா?”

அம்மா கதவைப் பார்த்தாள். பிறகு டேப்லெட்டை இழுத்து நிதானமாகத் தட்டினாள். மெஷின் திருத்துவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.

“அப்பாகிட்ட சொல்லிடாதே. இந்த மெஷினுக்குப் புரிஞ்சுட்டா அவர் தன் ரூமுக்குப் போயிடுவார். இத்தனை வருஷத்துல இப்பத்தான், நான் என்ன சொல்ல வரேன்னு என் முகத்தைப் பார்க்கிறார்.”