திரும்பத் திரும்ப வந்த பட்டன்

"எடுத்துட்டேன்னு சொன்னீங்களே தம்பி, அந்த கிரிக்கெட் பட்டன் திரும்ப வந்து நிக்குதே."

ஜீவராணி லாப்டாப்பைத் தன் கணவனின் தம்பி திலக்ஷன் பக்கம் திருப்பினாள். அவன் குனிந்து பார்த்தான். பிரவுசரின் மேல்பட்டையில், சற்று முன் அவன் நீக்கிய சிவப்புப் பந்துப் படம் பழைய இடத்திலேயே இருந்தது.

"சரியா அழுத்தாம விட்டிருப்பேன் அண்ணி," என்று சொல்லிவிட்டு மறுபடி நீக்கினான்.

லாப்டாப் ஜீவராணியின் கணவன் சுதாகரனுடையது. கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்பவன், லீவு முடிந்து அவன் பஸ் ஏறிய அன்றுதான் மழை வலுத்தது. போகும் வழியில் இறம்பொடைப் பக்கம் மண் சரிந்து ஒரு பஸ் புதைந்துவிட்டது என்பதுதான் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து வரிசைவீடுகளான லயத்தில் இருந்த இவர்கள் கடைசியாகக் கேட்ட செய்தி. அன்றிரவு லயத்துக்கு மேலே மலை உறுமியது. கரண்ட் போனது. போன்களும் அணைந்தன. அந்த பஸ்ஸில் சுதாகரன் இருந்தானா, இல்லையா? அது தெரியாமல் ஜீவராணி அதன்பிறகு சாப்பிடவும் இல்லை, கண்மூடவும் இல்லை.

மிஞ்சியது சார்ஜ் தீராமல் இருந்த இந்த லாப்டாப்பும், ஜன்னலோரம் செருகிவைத்த இணைய டொங்கிளில் வந்து வந்து போகும் ஒரே ஒரு கோடு சிக்னலும்தான். அதில் எந்த இணையப் பக்கமும் திறக்கவில்லை. சுமையைக் குறைத்தால் ஒருவேளை திறக்கும் என்றுதான் திலக்ஷன் வேண்டாத பட்டன்களைக் களைய ஆரம்பித்தான்.

மேல்பட்டையில் இருக்கும் ஒவ்வொரு பட்டனும் ஒரு சின்ன புரோகிராம் என்று அவன் அவளுக்கு விளக்கினான். நாம் தொடாவிட்டாலும், பக்கம் திறக்கும்போதெல்லாம் அதுவும் விழித்துக்கொண்டு தன் பங்குக்கு இணையத்தை இழுக்கும். கண்ணில் படாமல் ஒளித்துவைத்தால் போதாது, அடியோடு நீக்கவேண்டும். லயம் முழுக்க ஒரே பைப்பில் தண்ணீர் பிடிப்பது போலத்தான். மற்றவர்கள் குடத்தை எடுத்தால்தான் நம் குடம் நிறையும்.

ராசிபலன் பட்டன் போனது. மலிவு விலை தேடித்தரும் பட்டன் போனது. சிங்களத்தைத் தமிழாக்கும் பட்டனும் போனது. அவையெல்லாம் திரும்பி வரவில்லை.

பக்கத்து வீட்டுக் காம்பராக்களில் ஒரு சத்தமும் இல்லை. எல்லாரையும் பாதுகாப்பாகப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்திருப்பார்கள் என்றான் திலக்ஷன். அப்படியானால் நம்மை மட்டும் ஏன் யாரும் வந்து கூப்பிடவில்லை என்று அவள் கேட்டாள். பகலா இரவா என்று சொல்லமுடியாதபடி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது மூட்டம்.

பந்து மறுபடி முளைத்தது. இம்முறை இருவர் கண்முன்னாலேயே. யார் கையும் லாப்டாப்பில் இல்லை.

ஜீவராணி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "மூடி வைங்க தம்பி. செத்தாலும் ஸ்கோரு பாத்துட்டுத்தான் போவேன்னு சொல்ற மனுசன் அவரு. வந்திருக்காரு."

திலக்ஷன் மூடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவனின் முகம் மெல்ல மலர்ந்தது.

"பேய்க்கு எதுக்கு அண்ணி பாஸ்வேர்ட்?"

அவளுக்கு விளங்கவில்லை. அவன் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னான். கொழும்பில் அண்ணன் வேலை செய்யும் கம்ப்யூட்டரிலும் பிரவுசர் திறப்பது இதே கணக்கில்தான். ஒரே கணக்கில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால், ஒன்றில் செய்வது மற்றதிலும் நடக்கும். இங்கே நீக்கினால் அங்கேயும் மறையும். அங்கே சேர்த்தால் இங்கேயும் முளைக்கும். போய்வருவது துளியூண்டு கட்டளைதான். ஒரு பக்கமும் நுழைய முடியாத சிக்னலில்கூட அது நுழைந்துவிடும்.

"பாஸ்வேர்ட் அண்ணனுக்கு மட்டுந்தான் தெரியும். நான் எடுக்க எடுக்க, யாருடா இதுன்னு அங்க உக்காந்து திரும்ப வைக்கிறாரு."

"அப்ப அந்த பஸ்ஸுல..."

"அவரு இல்ல அண்ணி. உசுரோடதான் இருக்காரு."

ஜீவராணி அழுதுகொண்டே சிரித்தாள். இன்னும் ஒருமுறை எடுக்கச் சொன்னாள். எடுத்தான். பந்து வந்தது. மறுபடி எடுக்கச் சொன்னாள். நம்மை இந்தப் பாடு படுத்திய மனுசனுக்குக் கொஞ்சம் கோபம் வரட்டும் என்றாள். இம்முறை பந்து தயங்கித் தயங்கி வந்தது. அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். திரை சில்லென்று இருந்தது.

அந்த நேரம் பட்டையின் வலது ஓரத்தில், கணக்குக்காரரின் முகம் தெரியும் சின்ன வட்டம் வெறுமையாகிச் சுழன்றது.

அண்ணன் புதுப் படம் போட்டிருக்கிறார் என்றான் திலக்ஷன். பட்டனைப்போல் அல்ல, படம் கனமானது, வர நேரமெடுக்கும். அதைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னாள் ஜீவராணி. எந்தப் படமானாலும் சரி, அவன் முகத்தை ஒருமுறை பார்த்தால் போதும் அவளுக்கு.

படம் மேலிருந்து வரிவரியாக இறங்கியது. முதலில் ஒரு கறுப்புக் கரை. அடுத்து 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்து.

"ஐயோ, அவரு..." என்று அவள் குரல் உடைந்தது.

எழுத்துக்குக் கீழே மாலை தெரிந்தது. மாலைக்குள் நெற்றி, கண், வாய் என்று மெல்ல மெல்ல நிறைந்தது ஜீவராணியின் முகம். அதை ஒட்டி, திலக்ஷனின் முகம்.