ராணியின் குரல்

"இந்த மேஜையில நாலு பேருக்குத்தான் இடம். நீ வீட்டிலேருந்து நாற்காலியே தூக்கிட்டு வந்தாலும் நாலு பேருக்குத்தான் இடம்... ம்?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் தன்னை மறந்து கைதட்டிவிட்டார். "டேக் ஓகே! அக்கா, கொன்னுட்டீங்க!"

மைக் முன்னால் நின்றவருக்கு வயது நாற்பத்தாறு. காதோரம் நரை, ஏசிக் குளிருக்கு ஒரு சால்வை, பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க். அந்த ஸ்டூடியோவில் எல்லோருக்கும் அவர் டப்பிங் அக்கா. ஆனால் திரையில் உதடசைத்தது பதினாறு வயதுப் பெண். அந்தக் குரல் அவள் தொண்டையிலிருந்தே வருவதாகச் சத்தியம் செய்யலாம்.

படம், பள்ளிக்கூடத்தில் நடக்கும் காமெடி. நாலு பெண்கள் ஒரு கோஷ்டி. தலைவிக்குப் பள்ளியே வைத்த பெயர் ராணி. அவள் கண்ணைக் காட்டினால்தான் கேன்டீனில் இடம். புதிதாக வந்து சேரும் ஒரு பெண்ணை அந்தக் கோஷ்டி படுத்தும் பாடுதான் கதை.

இயக்குநருக்கு இது முதல் படம். இளைஞர். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, கடைசியில 'ம்?'னு ஒண்ணு போட்டீங்களே, அது பேப்பர்ல கிடையாதே!"

"வேண்டாம்னா எடுத்திடலாம் சார்."

"ஐயோ, அதுதான்க்கா உயிரே! எப்படி அது?"

"இந்த மாதிரிப் பொண்ணுங்க, தான் பேசின ஜோக்குக்குத் தானே சிரிக்க மாட்டாங்க சார். கூட இருக்கிறவங்க சிரிக்கறதுக்கு இடம் விடுவாங்க. அந்த இடம்தான் அது."

இயக்குநர் ஒலிப்பதிவாளரைப் பார்த்தார். ஒலிப்பதிவாளர் புருவத்தை உயர்த்தினார்.

அடுத்த காட்சி. புதுப்பெண் பூப்போட்ட கவுனில் வருகிறாள். ராணி மேலும் கீழும் பார்க்கிறாள்.

"அழகா இருக்குடி. உங்க வீட்டு ஜன்னல்தான் பாவம், திரை இல்லாம வெயில் அடிக்குமே!"

ஒரே டேக். ஒலிப்பதிவாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மைக் அறைக்குள் கேட்கும் பேச்சுப் பொத்தானை அழுத்தி, "அக்கா, உண்மையைச் சொல்லுங்க. ஸ்கூல்ல நீங்கதானே ராணி? எத்தனை பேர் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டீங்க?" என்றார்.

அக்கா சிரித்துக்கொண்டே ஒரு மடக்கு வெந்நீர் குடித்தார்.

மதியத்துக்குள் முப்பத்தோரு காட்சிகள் முடிந்தன. குத்தல், நக்கல், கொஞ்சுவது போலக் கிள்ளுவது, பேசாமலே மூச்சு விட்டு அவமானப்படுத்துவது... எதற்கும் இரண்டாவது டேக் தேவைப்படவில்லை. "என் ராணி பாதிதான் நடிச்சிருக்கா. மீதிப் பாதி நீங்கதான்க்கா" என்று இயக்குநர் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

மிஞ்சியது கடைசிக் காட்சி. காலியான வகுப்பறை. புதுப்பெண் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். ராணி தயங்கித் தயங்கி உள்ளே வந்து அவள் முன்னால் நிற்கிறாள்.

"நான் பண்ணினது தப்பு. என்னை மன்னிச்சிடு."

அவ்வளவுதான் வசனம். அதில்தான் படமே நின்றது.

முதல் டேக் நக்கலாக ஒலித்தது. மூன்றாவது, செய்தி வாசிப்பது போல இருந்தது. ஆறாவதில் அழுகை வந்தது, ஆனால் பொய் அழுகை. ஒன்பதாவதில் அக்காவே பாதியில் நிறுத்தி, "வரல சார்" என்றார்.

நாளைக் காலை எல்லாம் மிக்சிங்குக்குப் போயாக வேண்டும். இயக்குநருக்கு வியர்த்தது.

"ராணிக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை போலிருக்கு!" என்றார் ஒலிப்பதிவாளர். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

இயக்குநர் கதவைத் திறந்துகொண்டு மைக் அறைக்குள் போனார். "அக்கா, நீங்க ஸ்கூல்ல யாரையாவது அழ வெச்சிருப்பீங்கல்ல? அவங்க இப்ப எதிர்ல நிக்கிறதா நினைச்சுக்கிட்டுச் சொல்லுங்களேன்."

அக்கா வசனப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், ஒரு உதவி. இதை நீங்க ஒரு தடவை சொல்றீங்களா? என்னைப் பார்த்து?"

இயக்குநருக்குப் புரியவில்லை. இருந்தாலும் நேராக நின்று, அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னார். "நான் பண்ணினது தப்பு. என்னை மன்னிச்சிடு."

"இன்னொரு தடவை சார். கொஞ்சம் மெதுவா."

சொன்னார். அக்கா கண்ணை மூடிக் கேட்டார். ஏதோ தொண்டைக்குள் இறங்குவது போல விழுங்கினார். பிறகு மைக் பக்கம் திரும்பி, "போலாம் சார்" என்றார்.

பத்தாவது டேக். திரையில் ராணியின் உதடு அசைந்தது. குரல் உயரவே இல்லை, தரையிலிருந்து பொறுக்கி எடுத்தது போல வந்தது. கடைசி எழுத்து காற்றில் கரைந்த பிறகும் ஒலிப்பதிவாளர் பதிவை நிறுத்தவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் பொத்தானைத் தேடினார்.

"இது... இது போதும்க்கா" என்றார் இயக்குநர். அவருக்கும் குரல் சரியாக இல்லை. "ஆனா ஒண்ணு கேக்கணும். காலையிலேருந்து அத்தனை வசனத்தையும் ஒரே டேக்ல அடிச்சீங்க. இதுக்கு மட்டும் என்னை ஏன் சொல்லச் சொன்னீங்க?"

"அதெல்லாம் ஸ்கூல்ல ஒருத்தி மூணு வருஷம் தினமும் என்னைப் பார்த்துச் சொன்னது சார், அப்படியே காதுல இருக்கு" என்றார் அக்கா. "இதை மட்டும் எங்கிட்ட யாருமே சொன்னதில்லை. ஒரு தடவையாவது கேட்டாத்தானே திருப்பிச் சொல்ல வரும்?"