நீச்சல்குளத்துக்கு வந்த பூசணிக்காய்

ஒரு வீட்டு நீச்சல்குளத்தைச் சுற்றி வேலி இருந்தது. அதன் கதவு, விட்டால் தானாகவே சாத்திக்கொள்ளும். இலை அள்ளும் வலையோடு போகவர இடைஞ்சலாக இருக்கிறதென்று, ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து இரண்டு வருஷமாகத் திறந்தே வைத்திருந்தார்கள்.

போன வாரம் அந்த வீட்டுக் குழந்தை நிலவன் தண்ணீரில் விழுந்துவிட்டான். நல்லவேளை, உடனே தூக்கிவிட்டார்கள். மறுநாளே வேலிக் கம்பியில், கோரைப்பல் வரைந்த திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்று தொங்கியது.

"எனக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டது பூசணிக்காய்.

"என் வேலைதான்," என்றது கதவு. "அதை என்னைச் செய்ய விடாமல் உன்னைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்."

"என்னை ஏன் முறைக்கிறாய்?" என்று செங்கல் அலுத்துக்கொண்டது. "ஒரு உதை விட்டால் நகர்ந்துவிடுவேன். யாரும் விடுவதில்லையே."

வெள்ளிக்கிழமை காலை, குழந்தையின் அம்மா கோகிலா சூடத்தட்டோடு வந்தாள். செங்கல் காலில் இடித்தது. "சனியனே!" என்று அதை எத்தினாள். கதவு மெல்ல நகர்ந்து சாத்திக்கொண்டது. டக்கென்று தாழ் விழுந்தது. அந்தச் சத்தம் கதவுக்கே மறந்துபோயிருந்தது.

"இது வேற. வலையைத் தூக்கிட்டு வரும்போது யாரு திறக்கிறது?" என்று முனகியபடி கோகிலா கதவைத் திறந்து, செங்கல்லைக் காலாலேயே பழைய இடத்துக்குத் தள்ளினாள். பிறகு பூசணிக்காய்க்குச் சூடம் காட்டி, "என் பிள்ளைக்கு இனி ஒண்ணும் ஆகக் கூடாது" என்று கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

அவள் காலோரமாக ஒரு பந்து உருண்டு உள்ளே போனது. பின்னாலேயே நிலவன் ஓடினான்.

கதவும் செங்கல்லும் பூசணிக்காயும் சேர்ந்து கத்தின.

கோகிலா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.