காசிமிரா வீட்டுப் பாட்டில்

"காலையிலேயே இவ்வளவு குடிச்சாச்சா?"

மரிசேலா கேட்டதும் காசிமிரா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு அசடு வழியச் சிரித்தாள்.

மேசை நடுவில் பெரிய கோலா பாட்டில். அடியில் ஒரு டம்ளர் அளவுதான் மிச்சம். அதையும் ஊற்றி மரிசேலாவின் முன்னால் வைத்தாள்.

"குடிங்க டாக்டரம்மா. வெயில்ல வந்திருக்கீங்க."

மரிசேலா டாக்டர் இல்லை. மெக்சிகோவின் வஹாகா நகரத்தில் ஊட்டச்சத்துப் படிப்பு படித்தவள். ஊரார் விடாமல் 'டாக்டரம்மா' என்றதால் திருத்துவதை நிறுத்திவிட்டாள்.

இந்த மலைக் கிராமங்களில் கொடுத்ததைக் குடிக்காமல் எழுந்தால் வீட்டையே அவமானப்படுத்திய மாதிரி. அது அவளுக்குத் தெரியும். அதனால் இங்கேயும் குடித்தாள். குடித்து முடித்துவிட்டுத் திட்டினாள்.

"இது விஷம், காசிமிராம்மா. உங்க உடம்பு இப்படி இருக்கிறதுக்கு இதான் காரணம். பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குச் சமைச்சுப் போடறவங்க வீட்லயே இந்த நிலைமைன்னா?"

காசிமிரா கொஞ்சம் பருமன். கொஞ்சம் என்ன, நன்றாகவே பருமன். பள்ளிக்கூடச் சமையல் பல வருஷமாக அவள் கையில்தான் இருக்கிறது. புருஷன் போன பிறகு அவள் காலையில் கண் விழிப்பதே அந்த அடுப்புக்காகத்தான். அவளே தொடரலாமா கூடாதா என்று, தெருவையே சுற்றிப் பார்த்துச் சொல்லத்தான் மரிசேலாவை அரசாங்கத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

"என் முடிவை ஊர்க்கூட்டத்துல சொல்றேன்," என்று எழுந்தாள் மரிசேலா.

கல்லூரியில் அவள் செய்த ஆய்வே இதைப் பற்றித்தான். தாத்தா காலத்து மெக்சிகோவில் தொப்பை என்றால் வக்கீல், வாத்தியார், பெரிய மனுஷன். இன்றைக்கு அது தலைகீழ். படித்தவர்கள் ஓடுகிறார்கள், கீரை தின்கிறார்கள். படிப்பு ஏறாத இடத்தில்தான் இடுப்பு பெருக்கிறது. இதில் அவளுக்குத் துளி சந்தேகம் கிடையாது.

இன்று கண்ணாலும் பார்த்தாயிற்று. அந்தத் தெருவில் ஏழு வீடு. முதல் வீடு ஹசிந்தாவுடையது. அங்கே பாட்டில் முழுசாக இருந்தது, பரவாயில்லை. நடு வீடுகளில் பாதிதான் இருந்தது. போகப் போக இன்னும் மோசம். கடைசி வீடான காசிமிரா வீட்டில் பாட்டிலின் அடியே தெரிந்துவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சாயந்தரம் பள்ளி முற்றத்தில் ஊர்க்கூட்டம். மரிசேலா எழுந்து கணீரென்று பேசினாள்.

"இந்தத் தெருவுல கோலா இல்லாத வீடே இல்ல. அதுலயும் காசிமிராம்மா வீட்ல பாட்டிலே காலி. அதனால நாளையிலேர்ந்து பிள்ளைங்க சமையலுக்கு வெளியூர்லேர்ந்து ஆள் வரும்."

காசிமிராவின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹசிந்தாவுக்குத்தான் பொறுக்கவில்லை. விருட்டென்று எழுந்தாள்.

"டாக்டரம்மா, அந்தப் பாட்டில்..."

"உக்காருடி!" என்றாள் காசிமிரா.

"நீ சும்மா இருடி. வாயை மூடிக்கிட்டே அடுப்பை விட்டுக் குடுத்துருவ போல! டாக்டரம்மா, நீங்க பாத்தது ஏழு பாட்டில் இல்ல, ஒண்ணே ஒண்ணு. நீங்க முன்வாசல் வழியா கிளம்புனதும், கொல்லைப்பக்கக் கள்ளிவேலிக்கு மேல அடுத்த வீட்டுக்குக் கை மாத்தி விட்டுட்டோம்."

அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த கூட்டம் வெடித்துச் சிரித்தது.

"எதுக்கு இந்தக் கூத்து?" மரிசேலாவின் குரல் கீச்சிட்டது.

"நாங்க குடிக்கிறது வெறும் எலுமிச்சைத் தண்ணி. அதைப் படிச்சவங்களுக்கு எப்படிக் குடுக்கிறது? எங்க சின்ன வயசுல இங்க ஒரு வாத்தியாரு இருந்தாரு. கோலாவைத் தவிர வேற எதையும் தொட மாட்டாரு. ஊர்லயே அவருக்கு மட்டும்தான் தொப்பை. படிச்சவங்கன்னா அதைத்தான் குடிப்பீங்கன்னு நெனச்சு, தெருவே சேந்து உங்களுக்காக ஒண்ணு வாங்கி வச்சோம்."

"அப்ப... இவங்க உடம்பு?"

"அதா? அது ஞாயித்துக்கெழமை தமாலே. இவளே சோள மாவு பெசைஞ்சு, இவளே இலையில கட்டி அவிச்சு, முக்காவாசி இவளே தின்னுடுவா. அதுக்கு வேணா நல்லாத் திட்டுங்க!"

கண்ணைத் துடைத்துக்கொண்டே காசிமிராவும் சிரித்துவிட்டாள்.

மரிசேலாவின் முகம் சிவந்தது. அந்தத் தெருவில் இன்று கோலா குடித்தவர்களை எண்ண ஒரு விரல் போதும். அந்த விரலை எந்தப் பக்கம் நீட்டுவது என்பதும் அவளுக்கு இப்போது தெரியும். ஏழு வீட்டிலும் டம்ளரைக் காலி செய்தது அவள்தானே.

"சமையல் காசிமிராம்மாகிட்டயே இருக்கட்டும்," என்றாள் தாழ்ந்த குரலில். கைதட்டல் அடங்க நேரமானது.

கூட்டம் கலைந்ததும் காசிமிராவிடம் போனாள்.

"நீங்களே எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? அடுப்பு கையை விட்டுப் போயிருக்குமே!"

காசிமிரா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"போயிருக்கும்தான். அதுக்காக, வீட்டுக்கு வந்தவங்க குடிச்சதை ஊர்க்கூட்டத்துல சொல்லிக்காட்ட முடியுமா, டாக்டரம்மா?"